உள்ளாட்சியில் பரிந்துபேசுநர் பதிவேடு: டொரன்டோ மாநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

உள்ளாட்சி மன்றம் ஒன்று முடிவெடுக்கும் முன், அம்முடிவால் ஆதாயம் பெறக்கூடியவர் மன்ற உறுப்பினரையோ அலுவலரையோ தனியே சந்தித்துத் தம் கருத்தின் பக்கம் திருப்ப முயல்வது எங்கும் உண்டு. நாளிதழ்கள் லாபி என்று எழுதும் இச்செயலை இக்கட்டுரையில் பரிந்துபேசல் என்றும், அதைச் செய்பவரைப் பரிந்துபேசுநர் என்றும் வழங்குகிறோம். அணுகப்படும் உறுப்பினர், அலுவலர், சபைக்குக் கட்டுப்பட்ட வாரியத்தினர் ஆகிய அனைவரையும் பொதுப்பதவியாளர் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

ஒரு பேச்சு பரிந்துபேசல் ஆவதற்கு மூன்று கூறுகள் ஒருங்கே அமைய வேண்டும். கேட்பவர் பொதுப்பதவியாளராக இருக்க வேண்டும். பேசப்படும் பொருள் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதாக, அதாவது துணைவிதி, கொள்முதல், நிலப் பயன்பாட்டு அனுமதி, மானியம், உரிமம் போன்ற ஏதேனும் ஒன்றாக இருக்க வேண்டும். பேச்சின் நோக்கம் முடிவின் மேல் செல்வாக்குச் செலுத்துவதாக இருக்க வேண்டும். நேரில் பேசினாலும், தொலைபேசியில் அழைத்தாலும், மின்னஞ்சல் அனுப்பினாலும் இவ்வரையறை மாறுவதில்லை. பேசியது அலுவலகத்திலா விருந்திலா என்பதும் பொருட்டல்ல.

பரிந்துபேசுநர் பதிவேடு என்பது, யார், யாருக்காக, எந்தப் பொருள் பற்றி, எந்தப் பதவியாளரிடம், எந்த நாளில் பேசினார் என்பதைச் சட்டக் கட்டாயத்தின் பேரில் பதிந்து, எவரும் எளிதில் தேடிப் பார்க்கும்படி வைக்கும் ஏடு. கையூட்டைத் தடுப்பது இதன் முதல் வேலையன்று. கையூட்டுக்குக் குற்றவியல் சட்டம் இருக்கிறது, கையூட்டுக் கொடுப்பவர் பதிவேட்டில் வந்து எழுதப்போவதும் இல்லை. முறையான பேச்சை, முறையானது என்று ஏற்றுக்கொண்டே, வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் பதிவேட்டின் வேலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் எதிர்ப்பாளர் சிலர் இது ஒவ்வொரு வணிகரையும் குற்றவாளியாகப் பார்க்கிறது என்கிறார்கள். ஆதரவாளர் சிலர் இது வந்தால் ஊழலே ஒழியும் என்கிறார்கள். இரண்டும் பிழை.

2. காரணங்கள்

மேல்மட்ட அரசுகளுக்கு இத்தகைய சட்டங்கள் முன்பே வந்துவிட்டன. கனடாவின் நடுவண் அரசில் 1989 முதலும் ஒன்டாரியோ மாகாண அரசில் 1999 முதலும் பதிவு நடைமுறையில் உள்ளது. உள்ளாட்சிக்கு அது தாமதமாகவே வந்தது. சிறிய மன்றத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் அத்தாமதத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உண்மையில் உள்ளாட்சியின் இயல்பே பதிவேட்டின் தேவையைக் கூட்டுகிறது. நாடாளுமன்றம் பெரும்பாலும் பொதுவான விதிகளை இயற்றுகிறது; மாநகர சபையோ குறிப்பிட்ட ஒரு மனையில் எத்தனை மாடி கட்டலாம், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திடம் கணினி வாங்கலாமா என்று முடிவு செய்கிறது. ஆதாயம் பெறுபவர் யார் என்பது அங்கே பெயரோடே தெரியும். மேலும் ஒன்டாரியோவின் உள்ளாட்சித் தேர்தல்களில் கட்சி கிடையாது. கட்சிக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு வாக்கும் தனித்தனியே பெறப்பட வேண்டியது. ஆகவே தனித்தனிச் சந்திப்பின் மதிப்பும் உயர்கிறது.

இக்காரணங்கள் எப்படித் திரண்டு நின்றன என்பதற்கு டொரன்டோவின் கணினிக் குத்தகை விவகாரம் தெளிவான சான்று. 1998 ஜனவரி 1 அன்று டொரன்டோ, ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க் ஆகிய ஆறு ஊராட்சிகளும் அவற்றின் மேல் இருந்த பெருநகர அரசும் ஒரே மாநகராக இணைக்கப்பட்டன. ஏழு நிர்வாகங்களின் கணினி அமைப்புகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அவசரமும் குழப்பமும் கூடிய அந்நேரத்தில், 1999இல், எம்எஃப்பி என்ற குத்தகை நிறுவனத்திடமிருந்து 4.3 கோடி டாலர் மதிப்புள்ள கணினிகளை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுக்கச் சபை ஒப்புதல் அளித்தது. பின்னர் கணக்குப் பார்த்தபோது செலவு ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. மூன்றாண்டு என்று சபை ஏற்ற குத்தகைகள் சபையின் அறிவின்றியே ஐந்தாண்டாக நீட்டப்பட்டிருந்தன.

2002இல் நீதி விசாரணை அமைந்தது. நீதிபதி டெனிஸ் பெல்லமி 214 நாள்கள் அமர்ந்து 156 சாட்சிகளை விசாரித்தார். 2005 செப்டம்பரில் நான்கு தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையில் 241 பரிந்துரைகள் இருந்தன. அவ்வறிக்கையில் நம் ஆய்வுக்கு முதன்மையானது விருந்தோம்பல் பற்றிய பகுதி: ஹாக்கி ஆட்டங்கள், கோல்ஃப் திடல்கள், உணவகங்கள், வேற்றூருக்குத் தனி விமானப் பயணம். விற்பனையாளர் அங்கே ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. பழக்கம் பிறக்கிறது, பழக்கத்திலிருந்து நம்பிக்கை பிறக்கிறது, நம்பிக்கை உள்ள இடத்தில் கேள்வி கேட்கும் வழக்கம் குறைகிறது. இந்தப் படிமுறை சபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் எங்கும் தென்படாது. சபை எந்த ஆவணத்தை வைத்து வாக்களித்ததோ, அந்த ஆவணம் எப்படி உருவானது என்பது சபைக்கே தெரியாமல் இருந்தது. பதிவேடு நிரப்ப வேண்டிய வெற்றிடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

டொரன்டோ பெருநகர். சிற்றூருக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர் காலிங்வுட்டை நோக்க வேண்டும். ஜார்ஜிய விரிகுடாக் கரையில் இருபதாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட அந்த ஊரில், 2012இல், ஊராட்சிக்குச் சொந்தமான மின்வினியோக நிறுவனத்தின் பாதிப் பங்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் விளையாட்டரங்கக் கட்டடங்கள் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமலே வாங்கப்பட்டன. மேயரின் சகோதரர் இரு விவகாரங்களிலும் மறுதரப்புக்குக் கட்டண ஆலோசகராக இருந்தார். கட்டடக் கொள்முதலில் அவரது நிறுவனத்துக்குப் போன தொகை ஏழரை லட்சம் டாலருக்கும் மேல். வாக்களித்த சபைக்கு அது தெரிவிக்கப்படவில்லை. இதை விசாரித்த நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ 2020 நவம்பரில் 306 பரிந்துரைகள் அளித்தார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் உறவும் தொழிலும் ஒரே மேசையில் அமர்கின்றன. எழுதி வைக்க வேண்டிய தேவை அங்கேதான் கூடுதல்.

3. சட்ட அடிப்படை

பெல்லமி அறிக்கையைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டின் டொரன்டோ மாநகரச் சட்டம், அம்மாநகர் பதிவேடு ஒன்றை அமைத்தே ஆகவேண்டும் என்று விதித்தது. சபை அதற்கான துணைவிதியை நகராட்சித் தொகுப்பின் 140ஆம் அதிகாரமாக நிறைவேற்ற, 2008 பிப்ரவரி 11 அன்று பதிவேடு திறக்கப்பட்டது. ஒன்டாரியோவின் பிற ஊராட்சிகளுக்குச் சட்டம் கட்டாயம் விதிக்காமல் அதிகாரம் மட்டும் கொடுத்தது. ஆட்டவா 2012 செப்டம்பரிலும், ஹாமில்டன் 2015 ஆகஸ்டிலும், பிராம்ப்டன் 2016 தொடக்கத்திலும் தத்தம் பதிவேட்டைத் தொடங்கின. கியூபெக் மாகாணம் வேறு வழி சென்றது: 2002இலேயே மாகாணச் சட்டம் ஒன்றால் எல்லா ஊராட்சிகளையும் ஒரே பதிவேட்டின் கீழ்க் கொண்டுவந்தது. ஊராட்சி தானே மனமுவந்து தன்மேல் கண்காணிப்பை ஏற்கும் வரை காத்திருப்பது, பெரும்பாலும் ஓர் ஊழல் வெடிக்கும் வரை காத்திருப்பதாகவே முடிகிறது. ஆகவே கியூபெக்கின் வழியே மேலானது என்பது நம் கருத்து.

4. பதிய வேண்டியோர்

டொரன்டோ துணைவிதி பரிந்துபேசுநரை மூவகையாகப் பகுக்கிறது. முதலாமவர் ஆலோசகப் பரிந்துபேசுநர்: கட்டணம் பெற்று ஒரு வாடிக்கையாளருக்காகப் பேசுபவர். சட்டத்தரணி, நகரத் திட்டமிடலாளர், மக்கள்தொடர்பு நிறுவனத்தார் பலரும் இவ்வகையில் அடங்குவர். இரண்டாமவர் நிறுவனப் பரிந்துபேசுநர்: தம்மைப் பணியமர்த்திய நிறுவனத்துக்காகவே பேசும் ஊழியர். மூன்றாமவர் ஊதியமிலாப் பரிந்துபேசுநர்: பணம் எதுவும் பெறாமல், இலாப நோக்குள்ள ஒரு நிறுவனத்தின் நன்மைக்காகப் பேசுபவர்.

மூன்றாம் வகை தேவையற்றது போலத் தோன்றலாம். அதைச் சேர்த்தது மிகுந்த முன்யோசனை என்கிறோம். சபையில் நீண்டகாலம் இருந்து விலகிய ஒருவர் நண்பரின் நிறுவனத்துக்காக ஒரு தொலைபேசி அழைப்புச் செய்வார். கட்டணம் வாங்க மாட்டார். செல்வாக்கின் அளவு வாங்கிய தொகையைப் பொறுத்ததன்று.

இதனோடு ஒட்டிய மற்றொரு நுட்பம், கால அளவு பற்றியது. கனடாவின் நடுவண் சட்டம், நிறுவன ஊழியர் தம் வேலையில் கணிசமான பகுதியைப் பரிந்துபேசலில் செலவிட்டால்தான் பதிவு வேண்டும் என்றது. கணிசமான பகுதி என்பது நெடுங்காலம் 20 விழுக்காடு என்றே கொள்ளப்பட்டது. மாதத்துக்கு ஒருமுறை ஓர் அமைச்சரைக் காணும் தலைமை அதிகாரி அந்த வலையில் விழமாட்டார். டொரன்டோவில் அப்படி ஒரு வாசற்படி இல்லை; ஒரே ஒரு சந்திப்பாயினும் பதிய வேண்டும். உள்ளாட்சிக்கு இதுவே ஏற்றது. ஒரு மனையின் அனுமதியை முடித்துத் தர ஒரு சந்திப்பு போதும்.

5. விலக்குகள்

பதிவேடு அமைப்பதில் மிகக் கடினமான பகுதி இது. மிகக் குறைந்த கவனம் பெறுவதும் இதுவே. வரைவு எழுதுவோர் வழக்கமாக யார் பதிய வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் அவசரமாக விலக்குகளைச் சேர்க்கிறார்கள். நாம் இதன் வரிசையை மாற்றச் சொல்கிறோம். குடிமகன் தன் உறுப்பினரிடம் தடையின்றிப் பேசும் உரிமை எங்கே முடிகிறது என்று முதலில் வரைந்துவிட்டால், பதிய வேண்டிய பேச்சின் எல்லை தானே தெளிவாகும்.

டொரன்டோவின் விலக்குகளை உற்று நோக்கினால் அவை இரு வகைப்படும். ஒருவகை, ஆளைப் பொறுத்தது. பிற அரசுகளின் அலுவலர், பொதுத்துறையினர் ஆகியோர் பதிய வேண்டியதில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளும் பெரும்பாலும் விலக்குப் பெறுகின்றன. வணிகர் சங்கம், தொழில் சங்கம் போல் ஒரு தொழில் நலனுக்காகப் பேசுபவை விலக்கில் அடங்கா. மற்றொரு வகை, பேச்சின் இயல்பைப் பொறுத்தது. சபைக் கூட்டத்திலோ குழுக் கூட்டத்திலோ பகிரங்கமாகப் பேசுவது ஏற்கெனவே பதிவாகிவிடுகிறது. மீண்டும் பதிவதால் பயனில்லை. தகவல் மட்டும் கேட்பது செல்வாக்கு ஆகாது. ஒரு சேவையைப் பற்றிய குறையோ பாராட்டோ அவ்வாறே. ஒப்பந்தப்புள்ளியை அறிவிப்பில் சொன்ன முறைப்படி அளிப்பதும், தன் அக்கம்பக்கத்துச் சிக்கலைத் தன் தொகுதி உறுப்பினரிடம் ஒரு குடியிருப்பாளர் எடுத்துச் சொல்வதும் இவற்றுள் அடங்கும்.

தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவை எடுத்துக்கொள்வோம். தெருவில் பனி அகற்றப்படவில்லை என்று உறுப்பினரின் அலுவலகத்துக்கு அழைக்கும் முதியவர் பரிந்துபேசுநர் அல்லர். ஊதியம் பெறும் ஊழியர் எவரும் இல்லாத ஊர்ச்சங்கம் ஒன்றின் செயலாளர், பூங்காவில் விளையாட்டு விழா நடத்துவது பற்றிப் பேசினால் அவரும் அல்லர். அதே செயலாளர் தமக்குத் தெரிந்த கட்டட நிறுவனம் ஒன்று வாங்கிய மனைக்குக் கூடுதல் மாடி அனுமதி கிடைக்க வேண்டும் என்று அதே உறுப்பினரிடம், நட்பின் பேரில், ஒரு காசு வாங்காமல் சொன்னால், அவர் ஊதியமிலாப் பரிந்துபேசுநர், பதிய வேண்டியவர். ஆள் ஒருவரே, கேட்பவரும் ஒருவரே. யாருடைய ஆதாயத்துக்காகப் பேசினார் என்பது ஒன்றே இங்கே எல்லையை வரைகிறது. இவ்வேறுபாட்டை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லாத பதிவேடு, அறியாமல் தவறும் சிறியவரைப் பிடித்து, சட்ட ஆலோசனை பெற வசதியுள்ள பெரியவரைத் தப்பவிடும். புதிதாகக் குடியேறியோர் மிகுந்த நகரில் விளக்கக் கையேடு துணைவிதியைப் போலவே அடிப்படையானது என்று நாம் அழுத்திச் சொல்கிறோம்.

6. பதிவின் உள்ளடக்கமும் காலமும்

பதிவு இரு நிலைகளில் நடக்கிறது. முதல் நிலை பொருட்பதிவு: பரிந்துபேசுநர் தம் பெயரையும், யாருக்காகப் பேசப்போகிறார் என்பதையும், எந்த விவகாரம் என்பதையும் பேசத் தொடங்குமுன் பதிந்து, பதிவாளர் அலுவலகத்தின் ஏற்பைப் பெற வேண்டும். இரண்டாம் நிலை தொடர்புப்பதிவு: யாரிடம், எந்நாளில், எவ்வழியில் தொடர்பு கொண்டார் என்பதை ஒவ்வொரு தொடர்புக்கும் மூன்று வேலைநாள்களுக்குள் சேர்க்க வேண்டும். ஆட்டவாவில் இக்காலம் 15 வேலைநாள்கள்.

மூன்றுக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிதென்று கொள்ளலாகாது. ஒரு பொருள் குழுக் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டுச் சபையின் முன் வருவதற்குச் சில நேரம் இரண்டு வாரம் கூட ஆவதில்லை. பதினைந்து வேலைநாள் என்பது மூன்று நாள்காட்டி வாரங்கள். வாக்கெடுப்பு முடிந்த பின் பதிவேட்டில் தோன்றும் சந்திப்பு வரலாற்றாசிரியருக்குப் பயன்படும். அந்த வாக்கைப் பற்றிக் கேள்வி கேட்க நினைத்த குடியிருப்பாளருக்குப் பயன்படாது. ஆகவே காலக்கெடுவைப் பரிந்துபேசுநரின் வசதியிலிருந்து கணக்கிடாமல், சபையின் கூட்ட அட்டவணையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

என்ன பேசப்பட்டது என்பதைப் பதிவேடு கேட்பதில்லை. இது குறை என்று சொல்வோர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. உரையாடலின் உள்ளடக்கத்தை ஒரு தரப்பே எழுதினால் அது அத்தரப்பின் விளம்பரமாகும். இரு தரப்பும் எழுதினால் ஒவ்வொரு சந்திப்பும் வழக்காகும். சந்திப்பு நடந்ததும் அதன் பொருளும் தெரிந்தால் போதும். அதைக் கொண்டு செய்தியாளரும் எதிர்வாதம் செய்யும் உறுப்பினரும் உரியவரிடம் நேரே கேட்கலாம்.

7. உடன்வரும் தடைகள்

பதிவு மட்டும் தனித்து நிற்காது. டொரன்டோவின் துணைவிதி நான்கு தடைகளை அதனோடு இணைத்திருக்கிறது. முடிவு சாதகமானால் மட்டும் கட்டணம் என்ற வெற்றிக் கட்டண முறை கூடாது. காலிங்வுட்டில் நிகழ்ந்ததை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். பரிந்துபேசுநர் பொதுப்பதவியாளருக்குப் பரிசோ விருந்தோ அளிக்கலாகாது. உயர் பதவியிலிருந்து விலகியவர் 12 மாதங்கள் பரிந்துபேசலில் ஈடுபடலாகாது. இதை இடைவிலகல் காலம் என்போம். கொள்முதல் அறிவிப்பு வெளியானது முதல் ஒப்பந்தம் வழங்கப்படும் வரை, அறிவிப்பில் பெயர் குறிப்பிட்ட அலுவலரைத் தவிர வேறு எவரிடமும் பேசலாகாது.

8. பதிவாளர்

ஏட்டைக் காப்பவர் சபைக்குப் பொறுப்புடையவராகவும், அன்றாட நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவராகவும் இருக்க வேண்டும். டொரன்டோவில் பதிவாளர், கணக்காய்வுத் தலைவர், நேர்மை ஆணையர், குறைகேள் அதிகாரி ஆகியோரோடு நால்வர் கொண்ட பொறுப்புடைமை அமைப்பில் ஒருவர். தம் கடமையைச் சுதந்திரமாகச் செய்யவேண்டியவர் என்று மாகாணச் சட்டமே சொல்கிறது. விசாரணையில் சாட்சியை அழைக்கவும் ஆவணம் கோரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. குற்றவியல் சட்டம் மீறப்பட்டதாக நம்ப நியாயம் இருந்தால் அவர் தம் விசாரணையை நிறுத்தி, உரிய துறையிடம் ஒப்படைக்க வேண்டும். முதற்பகுதியில் கண்ட எல்லைக்கோடு இங்கே நடைமுறையாகிறது. விதிமீறல் நீதிமன்றத்தில் உறுதியானால் முதல் முறை 25,000 டாலர் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 1,00,000 டாலர் வரையும் தண்டம் விதிக்கலாம். ஆட்டவாவில் பேசுவதற்கே தடை: முதல் முறை 30 நாள், இரண்டாம் முறை 60 நாள். பெரிய கட்டட நிறுவனத்துக்கு 25,000 டாலர் சிறுசெலவாகவே இருக்கலாம். ஒரு மாதம் வாய் திறக்க முடியாமை அதன் திட்டத்தையே பாதிக்கும்.

9. அமைக்கும் படிநிலைகள்

புதிதாகப் பதிவேடு அமைக்கும் ஊராட்சி முதலில் விலக்குகளை வரைந்து பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பின்னரே வரையறையும் காலக்கெடுவும் எழுதப்பட வேண்டும். பதிவாளரைத் துணைவிதி நடைமுறைக்கு வருமுன்பே அமர்த்துவது நல்லது. படிவத்தையும் தேடுகருவியையும் வடிவமைப்பவர் அவராக இருந்தால் பின்னாளில் சிக்கல் குறையும். முழுநேரப் பதிவாளருக்கு நிதி இல்லாத ஊர், ஆட்டவா செய்தது போல நேர்மை ஆணையரிடமே இப்பொறுப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம். அண்டை ஊர்கள் சில கூடி ஒரே பதிவாளரை அமர்த்தவும் தடையில்லை. உறவுமுறைகள் பின்னிய சிற்றூருக்கு வெளியூர்ப் பதிவாளரே பாதுகாப்பானவர்.

கடைசிப் படிநிலையைப் பெரும்பாலான வரைவுகள் மறந்துவிடுகின்றன. இங்கே கண்ட பதிவேடுகளில் எழுதும் கடமை பரிந்துபேசுநரையே சார்ந்தது. கேட்டவர் எதுவும் எழுதுவதில்லை. எழுதாமல் விட்டவரைக் கண்டுபிடிக்கப் பதிவாளரிடம் வேறு வழி அரிது. ஆட்டவா இதற்கு எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்துள்ளது: சபை உறுப்பினர்கள் மாதந்தோறும் பதிவேட்டைப் பார்த்து, தம்மிடம் நடந்த சந்திப்புகள் பதிவாகியுள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். இதை இன்னும் ஒரு படி நீட்டி, கொள்முதல், திட்டமிடல் துறைகளின் உயர் அலுவலருக்கும் விதிக்கலாம். கணினிக் குத்தகை விவகாரத்தில் விற்பனையாளரின் அணுகல் உறுப்பினர்களோடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தத்தைத் தயாரித்த அலுவலர் வரையிலும் சென்றிருந்தது.